படத்தில் இருப்பவர் சந்தோஷமாக இருக்க முடியாது

எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கில் மாட்டும் கண்ணாடி இல்லை, ஜன்னலுக்கும் கதவுக்கும் போடும் கண்ணாடி. அளவெடுத்து, ஒரு கீறு கீறி, மேசை விளிம்பில் வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினால் கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அது இந்தப் பக்கம் அப்படியே தெரிய வேண்டும், தொழிலில் அவருக்கு அதுதான் கணக்கு. அப்படிப்பட்ட மனுஷனைப் பிடித்து உட்கார வைத்து, கண்ணுக்கு நேரே தெரிவதைத் தெரியாது என்று சொல், சொன்னால்தான் பாஸ் என்று படுத்தி எடுத்தது ஒரு இங்கிலீஷ் பரீட்சை நிலையம். சொல்ல ஆரம்பித்தாலே வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவருடைய மனைவி வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போய்ச் சில வருஷம் ஆயிற்று. போன வருஷம் மகளையும் அழைத்துக்கொண்டாள். இவர் ஒருத்தர் போய்ச் சேர்ந்துவிட்டால் குடும்பம் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு, இந்த ஆளுக்கு இங்கிலீஷ் பேச வரும் என்று நிலையம் ஒரு சான்றிதழ் தர வேண்டும். மகள் தினமும் போனில் கேட்பது ஒரே கேள்விதான், "அப்பா, எப்ப வர?" இவர் தினமும் சொல்வதும் ஒரே பதில்தான், "பரீட்சை முடிஞ்சதும் வந்துடுறேன் பாப்பா."

படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டார். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அனுமானமும் ஊகமும் என்று பெயர். ஒரு படத்தைக் காட்டுவார்கள். அதில் இருப்பவர் யாராக இருக்கும், என்ன ஆகியிருக்கும், எதற்காக அப்படி இருக்கிறார் என்று இங்கிலீஷில் ஊகித்துச் சொல்ல வேண்டும். மஸ்ட் என்றால் கட்டாயம் அப்படித்தான் இருக்கும். மைட், குட் என்றால் இருந்தாலும் இருக்கலாம். கான்ட் என்றால் வாய்ப்பே இல்லை. இது என்ன பெரிய வித்தை? பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டால் சண்டையாக இருக்கும் என்கிறோம், தீய்ந்த வாசனை வந்தால் பால் பொங்கியிருக்கும் என்கிறோம், மருமகன் சிரித்துக்கொண்டே வந்தால் ஏதோ கேட்க வந்திருப்பான் என்கிறோம். பிறந்ததிலிருந்து ஊகித்துத்தான் வாழ்கிறோம். அதற்கு யாரும் ஸ்டாப் வாட்ச் பிடித்து மார்க் போட்டதில்லை.

நிலையம் போட்டது. மார்க் போட்டது மட்டுமில்லை, அதையே மதமாகவும் ஆக்கிக்கொண்டது. அந்தக் கட்டடத்துக்குள் யாரும் எதையும் நேராகச் சொல்லக் கூடாது என்பது விதி. ஊகிக்கும் மனப்பான்மை சுவரிலிருந்தே ஊற வேண்டுமாம். வாசலில் 'இது வரவேற்பறையாக இருக்கலாம்' என்று பலகை. பக்கத்தில் ஒரு குழாய், அதன் மேல் 'குடிநீராக இருக்கக்கூடும்'. வெயிலில் நடந்து வந்தவர்கள் நாக்கு வறண்டு நின்றார்களே தவிர ஒருத்தரும் அந்தக் குழாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்காரர் முதல் தடவை போன அன்று வாசல் காவலாளியிடம் கேட்டார்.

"அண்ணே, உள்ள ஆபீஸர் இருக்காங்களா?"

"இருக்கலாம்."

"நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு இருக்கலாம்னு சொல்றீங்களே."

காவலாளி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஒருத்தர் அவசரமா கக்கூஸ் எங்கன்னு கேட்டாரு. இடது பக்கம் இருக்குன்னு சொல்லிட்டேன். நேரா பதில் சொன்னேன்னு மெமோ குடுத்துட்டாங்க. ஏன் வம்பு? உள்ள லைட்டு எரியுது, அதனால இருக்கணும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

உள்ளே தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. கண்ணாடிக்காரர் மனசுக்குள் அந்த அம்மாளுக்கு ஸ்டாப் வாட்ச் அம்மா என்று பெயர் வைத்துக்கொண்டார். அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒரு படத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, வாட்ச்சை அமுக்கி, படத்தைத் திருப்பினார்.

ஒரு படிக்கட்டு. மழை நின்ற ஈரம். படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொரு காலில் இல்லை. மடியில் ஒரு ஜன்னல் சட்டம், அதில் கண்ணாடி இல்லை. கண்ணாடி எல்லாம் சுக்குநூறாகப் படி முழுக்கக் கிடக்கிறது. அந்த ஆள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். இடது கை கட்டை விரலில் ஒரு நீளத் தழும்பு.

கண்ணாடிக்காரர் படத்தைப் பார்த்தார். தன் இடது கை கட்டை விரலைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

அது அவரேதான்.

அந்த நாள் அவருக்கு எப்படி மறக்கும்? ஒரு கடைக்கு ஜன்னல் மாட்டப் போயிருந்தார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை அதே ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் அவர்கள் இருவரும். வீட்டில் தொட்டில் வாங்கக்கூடப் பயந்துகொண்டு வாங்கவில்லை. உடனே வரச் சொல்லி ஆள் வந்ததும், கையில் ஜன்னல் இருக்கிறது என்பதே நினைவில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியில் ஒரு செருப்பு அறுந்து எங்கேயோ போயிற்று. ஆஸ்பத்திரிப் பின்வாசல் படியில் கால் வைக்கும்போது நர்ஸ் எதிரே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். கை தானாகத் தளர்ந்தது. கண்ணாடி விழுந்து நொறுங்கியது. அவர் அப்படியே உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விட்டு விட்டுச் சிரித்தார். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. யாரோ கேமராவோடு போனவன் எடுத்திருக்கிறான் போலிருக்கிறது. இவருக்கு எப்படித் தெரியும், முகத்தைத்தான் மூடியிருந்தாரே.

"ஸ்பீக்" என்றார் ஸ்டாப் வாட்ச் அம்மா.

"மேடம், திஸ் இஸ் மீ" என்றார் கண்ணாடிக்காரர்.

அம்மா தாளில் ஒரு பூஜ்யம் போட்டார்.

"ஐ வாஸ் ஹாப்பி. மை டாட்டர் வாஸ் பார்ன்."

இன்னொரு பூஜ்யம். வாட்ச்சை நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னார், "ஒரு மஸ்ட் இல்ல, ஒரு மைட் இல்ல. இஸ், வாஸ்னு அடுக்குறீங்க. இங்க ஊகம்தான் பரீட்சை."

"தெரிஞ்சதை எப்படி மேடம் ஊகிக்கிறது?"

"தெரிஞ்சிருந்தா ஏன் பரீட்சைக்கு வந்தீங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாம்.

அவர் மேல்முறையீடு செய்தார். அறிவு கெட்டத்தனம்தான், ஆனால் அவருக்கு அப்போது நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை மிச்சம் இருந்தது. இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். இயக்குநர் கோட்டுக்குள் பொருத்தி வைத்த மாதிரி இருந்தார். எதிர்ச் சுவரில் அதே படம், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்குக் கண்ணாடி போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை, ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தான். கண்ணாடிக்காரருக்கு அதைப் பார்த்ததும் வேறு எரிச்சல்.

"இந்தப் படம் எங்க சொத்து" என்றார் இயக்குநர். "எல்லா நாட்டுலயும் எங்க மையங்கள்ல இதே படம்தான். பரீட்சைக்கு இது, பாடப் புத்தகத்துக்கு இது, பள்ளிக்கூடப் பயிற்சித் தாளுக்கும் இதுதான். மாத்துறதே இல்ல. மாத்துனா நேர்மை போயிடும். இதைப் பாத்து எத்தனை லட்சம் பேர் ஊகிச்சிருக்காங்க தெரியுமா? அத்தனை பேரும் என்ன சொன்னாங்க? ஹீ மஸ்ட் பி சேட். ஹீ மைட் பி அஃப்ரெய்ட் ஆஃப் ஹிஸ் பாஸ். ஹீ கான்ட் பி ஹாப்பி. விடைத்தாளே அதான். அதைப் படிச்சவங்க ஒரு குழுவா உக்காந்து எழுதினாங்க. நீங்க ஒருத்தர் வந்து நான் சந்தோஷமா இருந்தேன்னு சொல்றீங்க. ஒருத்தர் சொல்றது சரியா, லட்சம் பேர் சொல்றது சரியா?"

"சார், அது நான். என் மூஞ்சிக்குள்ள நான்தான சிரிச்சேன்."

"அதுதான் பிரச்சினை. நீங்க உள்ள இருந்து பாக்குறீங்க. நாங்க வெளிய இருந்து பாக்குறோம். உண்மை தெரிஞ்சவனுக்குப் பாரபட்சம் வந்துடும். ஒண்ணுமே தெரியாதவன்தான் நடுநிலையா பேச முடியும். இந்த நிலையத்துல நாங்க எல்லாருமே நடுநிலையானவங்க."

கேட்டீர்களா? இதை அவர் வெட்கமே இல்லாமல், மேசையில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

விஷயத்தைத் தீர்க்க ஒரு குழு அமைத்தார்கள். அடையாள அனுமானக் குழு என்று பெயர். இயக்குநர் தலைவர். ஸ்டாப் வாட்ச் அம்மா ஒரு உறுப்பினர். மூன்றாவது உறுப்பினர் ஒரு பேராசிரியர், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். கண்ணாடிக்காரரை நிலையத்தின் வாசல் படியில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி இல்லாத ஒரு சட்டத்தை மடியில் வைத்தார்கள். ஒரு செருப்பைக் கழற்றச் சொல்லி, முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பரீட்சைக்கு வந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சிவந்தது. முகத்தை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மூவரும் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், எட்டி நின்று பார்த்தார்கள், கிட்ட வந்து பார்த்தார்கள்.

"படத்துல மழை பெஞ்சிருக்கு. இங்க வெயில்" என்றார் பேராசிரியர்.

"படத்துல முடி நிறைய" என்றார் ஸ்டாப் வாட்ச் அம்மா.

"எட்டு வருஷம் ஆச்சு மேடம்" என்று விரலுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"தழும்பு ஒத்துப் போகுதே" என்றார் பேராசிரியர், கொஞ்சம் மனசு இளகி.

"அதனால இவர் தழும்பு இருக்கிற ஒருத்தரா இருக்கலாம். அவ்வளவுதான் நிரூபணம் ஆகுது" என்றார் இயக்குநர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "படத்தில் இருப்பவர் சோகமானவர். இது நிலையத்தின் விடைத்தாளால் உறுதி செய்யப்பட்டது. மனுதாரர் அந்தச் சமயத்தில் தான் சந்தோஷமாக இருந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். எனவே மனுதாரர் படத்தில் இருப்பவராக இருக்க முடியாது."

கூடியிருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். பாவம், அவர்களுக்கும் மறுநாள் பரீட்சை இருந்தது.

மறுபடியும் பரீட்சை எழுத வேண்டுமானால், படத்தில் இருப்பது நான் இல்லை என்று குழுவின் முடிவை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இவர் போட மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். வீம்பு. அன்றைக்குச் சாயங்காலம் மனைவியைப் போனில் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் கொட்டினார்.



"என்னங்க, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"எனக்கும் அந்தப் படம்தான் வந்துச்சு."

இவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "எப்ப?"

"நான் பரீட்சை எழுதினப்ப. அந்தச் சட்டம், அந்த விரலு. என் புருஷன்னு கத்தணும்போல இருந்துச்சு. எதிர்ல அந்தம்மா வாட்ச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கு. பாப்பாவோட ஸ்கூல், வாடகை, உங்க முதுகுவலி, எல்லாம் ஞாபகம் வந்துச்சு. யாரோ ஒரு ஆளைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லிட்டேங்க. இவர் வேலை போனவரா இருக்கலாம், இவருக்கு யாருமில்லாம இருக்கலாம், இவர் சந்தோஷமா இருக்க முடியாதுன்னு." மூக்கை உறிஞ்சினாள். "ஃபுல் மார்க் குடுத்தாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுறது? நீங்க அன்னைக்கு வார்டுக்குள்ள வந்து, கண்ணாடித் தூள் கையோட பாப்பாவைத் தொடப் பயந்துக்கிட்டு தூரமா நின்னு சிரிச்சீங்களே, அது எனக்குத் தெரியாதா?"

அவருக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அது மனைவி மேல் போகவில்லை. எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவ்வளவு அழுத்தினார், காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

தோற்றவர்களுக்கு நிலையம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. தெரிந்ததை மறக்கும் வகுப்பு. பேராசிரியர்தான் ஆசிரியர். ஒரு டம்ளரைத் தூக்கிக் காட்டுவார். எல்லாரும் சேர்ந்து, இது டம்ளராக இருக்கலாம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். டம்ளர் என்று சொல்லிவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் கையைத் தானே பார்த்து, இது யாருடைய கையாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். முதல் வாரம் கண்ணாடிக்காரர் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் படித்தார்.

வகுப்பில் ஒரு மருந்துக் கடைக்காரர் கெட்டிக்காரர். அவருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. பழகின வேகத்தில் கடையில் ஒரு கிழவரிடம், "இது உங்க பிரஷர் மாத்திரையா இருக்கலாம்" என்று நீட்டியிருக்கிறார். கிழவர் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. பேராசிரியர் அதைக் கேட்டுப் பூரித்துப் போய், "பாருங்க, மொழி எப்படி ஆளையே மாத்துதுன்னு" என்றார். பஸ் டிரைவர் ஒருத்தர் இருந்தார், வகுப்பிலேயே முதல் மாணவர். அவருடைய பஸ்ஸில் ஏறுவதை ஜனங்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

கண்ணாடிக்காரரும் கடைசியில் கற்றுக்கொண்டார். எப்படி என்று கேட்டால், அவர் ஒரு உபாயம் செய்தார். படத்தில் இருக்கும் ஆளை நிலையத்தின் கண்ணால் பார்க்கப் பழகினார். இவன் முட்டாள், ஜன்னலைப் போட்டு உடைத்துவிட்டான், முதலாளி திட்டப் போகிறான், வீட்டில் சோறு கிடையாது. ராத்திரி பகல் இதையே சொல்லிச் சொல்லி, ஒரு நாள் முகம் கழுவும்போது நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தவருக்கு, யார் இவர் என்று தோன்றிவிட்டது. பயந்துபோய் முகத்தைத் துடைக்காமலே வெளியே வந்துவிட்டார்.

பரீட்சை அன்று ஸ்டாப் வாட்ச் அம்மா படத்தைத் திருப்பினார். அதே படம்.

"ஹீ மஸ்ட் ஹேவ் ப்ரோக்கன் தி கிளாஸ்" என்றார் கண்ணாடிக்காரர். "ஹீ மைட் பி அஃப்ரெய்ட் ஆஃப் ஹிஸ் பாஸ். ஹீ குட் பி வெயிட்டிங் ஃபார் சம்ஒன்." வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "ஹீ கான்ட் பி ஹாப்பி."

அம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. அது சிரிப்பாக இருக்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்தது. கனமான தாள், தங்க முத்திரை. விசாவும் வந்தது. பயணத்துக்கு நாள் குறித்தாயிற்று. சந்தோஷத்தைச் சொல்ல போன் போட்டார். மனைவி எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"பாப்பா ஏன் அழுவுது?"

"அதை ஏன் கேக்குறீங்க. ஸ்கூல்ல ஒரு தாள் குடுத்திருக்காங்க. ஒரு படம் போட்டு, இந்த ஆளுக்கு என்ன ஆகியிருக்கும்னு ஊகிச்சு எழுதச் சொல்லியிருக்காங்க."

"என்ன படம்?"



"அந்தப் படம்தான். வீட்டு ஆல்பத்துல உங்க கையைப் பாத்திருக்கா இல்லியா, தழும்பை வச்சுக் கண்டுபிடிச்சுட்டா. இது எங்க அப்பா, நான் பிறந்ததால சந்தோஷமா இருக்கார்னு எழுதிட்டா. டீச்சர் சிவப்புல அடிச்சுட்டாங்க."

குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. "அப்பா, அது நீதான?"

கண்ணாடிக்காரர் கையில் சான்றிதழ் இருந்தது.

"அப்பா, நீ பாஸாயிட்டேன்னு அம்மா சொன்னா. இப்ப உனக்கு இங்கிலீஷ் வரும்ல? டீச்சருக்கு எழுதிக் குடு. அது நீதான்னு. நீ அழலை, சிரிச்சேன்னு."

பின்னாலிருந்து மனைவி, "வேணாங்க. அந்தத் தாளும் நிலையத்தோடதுதான், கீழ முத்திரை போட்டிருக்கு. விஷயம் அங்க போச்சுன்னா எல்லாம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பரீட்சையில் அவள் நாக்கைப் பிடித்து நிறுத்தியது எதுவோ அதுதான் இவரையும் பல மாதமாக நிறுத்தி வைத்திருந்தது. எல்லாரிடமும் ஊகித்துவிடலாம். எட்டு வயசுக் குழந்தை அது நீதானா என்று கேட்கும்போது, இருக்கலாம் என்று எந்த அப்பன் சொல்வான்?

"நான்தான் பாப்பா. சத்தம் போட்டுச் சிரிச்சேன். நீ வந்துட்டேன்னு சொன்னாங்க, அதான்."

அன்றைக்கே எழுதி அனுப்பினார். மூன்று வரி. படத்தில் இருப்பவன் நான். என் மகள் எழுதியது சரி. நான் சந்தோஷமாக இருந்தேன். தேடிப் பார்த்தாலும் அதில் ஒரு மைட் கிடையாது.

அந்த டீச்சர் நல்ல பெண்மணி. சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு முழு மார்க் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். நல்லவர்களுக்கு அது தெரியாது. விடைத்தாளைத் திருத்திவிடுங்கள் என்று, அந்த மூன்று வரியையும் சேர்த்து நிலையத்துக்கே அனுப்பிவைத்தார்.

பயணத்தன்று காலையில் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. உடனே வரவும், சான்றிதழை எடுத்து வரவும். கண்ணாடிக்காரர் பெட்டியோடு அங்கே போனார். பெட்டியை வாசலில் காவலாளியிடம் வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே குழு மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் காகிதத்தை நீட்டினார். "இது நீங்க எழுதினதா?"

நேராகப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் விரலுக்குப் பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் எழுதியிருக்கலாம் சார்."

குழு முதல் தடவையாக அவரை மரியாதையோடு பார்த்தது.

"கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்கு" என்றார் ஸ்டாப் வாட்ச் அம்மா.

"தழும்புகூட என்னுது மாதிரியேதான் இருந்துச்சு மேடம்."

"மாணவியோட அப்பான்னு டீச்சர் எழுதியிருக்காங்க" என்றார் இயக்குநர். "அந்தப் பொண்ணு உங்க பொண்ணா?"

"என் பொண்ணுதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

அறையில் ஒரு அதிர்ச்சி. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வாக்கியம் யாரும் சொல்லிப் பல வருஷம் ஆகியிருக்கும். பேராசிரியருக்கு விக்கல் வந்துவிட்டது. இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"பொண்ணு என்னோடது. அதுல ஊகத்துக்கு இடமில்ல சார்" என்று கண்ணாடிக்காரர் தொடர்ந்தார். "இந்தக் காகிதத்துல, படத்துல இருக்கிறவன் நான்னு எழுதியிருக்கு. அப்ப இதை எழுதினவன் படத்துல இருக்கிற ஆளாத்தான் இருக்கணும். சரிதான சார்?"

"மஸ்ட்" என்றார் பேராசிரியர், விக்கலுக்கு நடுவில்.

"படத்துல இருக்கிற ஆள் நானா இருக்க முடியாதுன்னு நீங்கதான் தீர்ப்புச் சொன்னீங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். அப்ப இதை எழுதினது நானா இருக்க…"

"முடியாது" என்று மூவரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொன்ன பிறகு தங்கள் கூர்மையைத் தாங்களே மெச்சிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப எவனோ ஒருத்தன் உங்க பேரைச் சொல்லி, உங்க பொண்ணுக்கு அப்பான்னு சொல்லி, எங்க விடைத்தாளையே கெடுக்கப் பாத்திருக்கான்" என்றார். "எங்க படத்துலயே உக்காந்துக்கிட்டு சந்தோஷமா வேற இருந்திருக்கான். கையில கிடைக்கட்டும், அவனை விட மாட்டேன்."

"கிடைக்க மாட்டான் சார்" என்றார் கண்ணாடிக்காரர், எழுந்துகொண்டே. "பொண்டாட்டி பிள்ளைகிட்ட போயிருப்பான்."

"இங்கிலீஷ்ல சொல்லுங்க."

சொன்னார். ஒரு மஸ்ட் போட்டு, இலக்கணம் பிசகாமல் சொன்னார். ஸ்டாப் வாட்ச் அம்மா பழக்க தோஷத்தில் முழு மார்க் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் காவலாளி பெட்டியைக் காட்டி, "இது உங்க பெட்டியா இருக்கலாம்" என்றார்.

"என் பெட்டிதான் அண்ணே" என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார் கண்ணாடிக்காரர்.